தைத்து மூடிய கை

பாலிஷுக்குக் காய்ச்சல் வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு மட்டம் போட அவன் சொல்லாத வியாதி கிடையாது. "போன வாரம் பல்லு, அதுக்கு முன்னாடி முதுகு, இப்ப காய்ச்சலா? நடத்து மாப்ள" என்று சொல்லிவிட்டு டிங்கர் பட்டறைக்குக் கிளம்பிப் போனார்.

மோதி நசுங்கி வருகிற கார்களை நிமிர்த்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுக்கிற பட்டறை அவருடையது. அக்கம்பக்கம் எல்லாருக்கும் அவர் டிங்கர்தான். கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். பாலிஷ் அவளுடைய தம்பி. பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட, அக்கா கல்யாணமாகி வந்த அன்றே பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டவன். "எனக்குக் கல்யாணத்துல ரெண்டு பேரு கெடைச்சாங்க. ஒருத்தி சமைக்கறவ, இன்னொருத்தன் சாப்பிடறவன்" என்று டிங்கர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்த வீட்டுக்கு அவன்தான் பிள்ளை.

படிப்பு ஏறவில்லை, கைவேலை ஏறியது. பெயிண்ட் காய்ந்த பிறகு மெஷினைப் பிடித்து அவன் மெருகேற்றினால், புதுப் பெயிண்ட் எங்கே முடிந்து பழையது எங்கே தொடங்குகிறது என்று டிங்கருக்கே சட்டென்று தெரியாது. அப்படி வந்ததுதான் பாலிஷ் என்கிற பெயர். வாய்க்கும் அது பொருந்தியது. கோபமாக வந்த வாடிக்கையாளரை இரண்டு நிமிடத்தில் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவான்.

போதை ஊசி விஷயம் டிங்கருக்குப் போன வருடமே தெரியும். தின்னர் டப்பாக்களுக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்தது அவர் கையில் சிக்கியது. அன்று அவர் அடித்த அடியில் அவரது மணிக்கட்டே சுளுக்கிக்கொண்டது. பாலிஷ் அத்தனையையும் வாங்கிக்கொண்டான். அக்கா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அதன்பின் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தான். நேரத்துக்கு வந்தான், சாப்பிட்டான், சிரித்தான். வெயில் கொளுத்துகிற நாளிலும் முழுக்கை சட்டையைக் கழற்றாததைப் புருஷனும் பெண்டாட்டியும் பார்த்தார்கள். பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்கள். நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை தெரிந்திருக்கவில்லை.

காய்ச்சல் விடவில்லை. மாத்திரை போட்டால் இறங்கும், சாயங்காலம் பல் கிடுகிடுக்கத் திரும்பி வரும். உள்ளங்கையில் சிவப்பாகப் புள்ளிகள் வந்தன. பெயிண்ட் அலர்ஜி என்றான். இருமினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஒருநாள் ஒரு காரின் பானெட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். மெஷின் கையிலிருந்து நழுவி, நிற்காமல் சுற்றிக்கொண்டே தரையில் ஓடியது. டிங்கர் ஸ்விட்சை அணைத்துவிட்டு அவனைத் தொட்டுப் பார்த்தார். சூடான இரும்புத் தகடுபோல இருந்தது உடம்பு.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் இரண்டு கைகளையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். குத்தினாள், வரவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினாள். பாலிஷ் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்: "அங்க எல்லாம் கடையைச் சாத்திட்டாங்க சிஸ்டர். கால்ல பாருங்க." அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இதய டாக்டர் ஒரு பெண். தூக்கமில்லாத கண்கள், ஆனால் குரலில் சிடுசிடுப்பு இல்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஊசி போட்டுக்கறீங்களா?"

பாலிஷ் அக்காவைப் பார்த்தான். "எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா?"

"தினமும்."

"யாரோட ஊசி?"

"என்னோடதுதான். இல்லாதப்போ கூட இருக்கறவங்களோடது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். டாக்டர் டிங்கரையும் வெளியே கூப்பிட்டு, இருவரையும் உட்கார வைத்து விளக்கினாள்.

"தோல் மேல கிருமி எல்லாருக்கும் இருக்கு. வெளிய இருக்கற வரைக்கும் அதால ஒண்ணும் ஆகாது. ஊசி அதை உள்ள தள்ளி விட்டுடுது. ரத்தத்தோட இதயத்துக்குப் போய் வால்வுல ஒட்டிக்கிச்சு. இப்ப கொத்தா வளர்ந்திருக்கு. அதுலருந்து துணுக்கு துணுக்கா பிச்சுக்கிட்டுப் போய் நுரையீரல்ல சீழ் கட்டுது. இருமறதும் நெஞ்சு வலிக்கறதும் அதனாலதான்."

"மேல பெயிண்ட் நல்லாத்தானே இருந்துச்சு" என்று டிங்கர் முணுமுணுத்தார். டாக்டருக்கு அது விளங்கவில்லை.

"ரத்தத்துல ஈரலைக் கெடுக்கற வைரஸும் இருக்கு. ஊசியை மாத்தி மாத்திப் போட்டதுல வந்தது. அதுக்கு மாத்திரை இருக்கு, அப்புறம் பாக்கலாம். அது நிதானமா கொல்றது. இது அவசரக்காரன். இதை முதல்ல பாப்போம்."

ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது என்றார்கள். கையில் நரம்பு கிடைக்காததால், மேல்கையில் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து அதன் நுனியை இதயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெளியே தெரிந்தது சின்ன மூடி போட்ட ஒரு வால் மட்டும். இந்தக் குழாயோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது, முடியும்வரை வார்டில்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. ஆனால் இன்னொரு பக்கம் அவன் உடம்பு பழைய சரக்கைக் கேட்டுத் துடித்தது. வியர்வையில் படுக்கை நனைந்தது. வயிறு கலங்கியது, எலும்புக்குள் யாரோ உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதுபோல இருக்கிறது என்று அழுதான்.

"இந்தத் தவிப்புக்கு மருந்து இல்லையா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கும்மா. அதைக் கொடுக்க அனுமதி உள்ள டாக்டர் வேற ஆஸ்பத்திரியில இருக்காரு. அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

அந்த டாக்டர் வரவேயில்லை. வார்டில் பாலிஷ் எழுந்து கழிவறைக்குப் போனால் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். டிங்கர் கொண்டுவரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காவலாளி திறந்து கரண்டியால் கிளறிப் பார்ப்பான். அடுத்த படுக்கைக்கு வருகிற பாத்திரங்களை அவன் தொட்டதில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பகலில் டிங்கர் ஒரு கதவுக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தபோது, பட்டறை வாசலில் பாலிஷ் நின்றான். ஆஸ்பத்திரிக் கால்சட்டை, மேலே யாருடையதோ சட்டை.

"என்னடா இது? யாரு விட்டாங்க?"

"யாரும் விடல. நானா வந்துட்டேன். முடியல மாமா."

"கைல குழாய் இருக்கா?"

பாலிஷ் மேல்கையைத் தொட்டுக் காட்டினான். டிங்கர் பட்டித் தகட்டைக் கீழே வைத்தார். சந்து சந்தாக நரம்பு தேடி அலைந்தவனுக்கு, நேராக நெஞ்சுவரை ஒரு சாலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவன் அந்தச் சாலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்திருக்கிறான்.

"வண்டில ஏறு. திரும்பப் போலாம்."

"மாமா, உங்க கால்ல வேணா விழறேன். அங்க என்னைத் திருடன் மாதிரி பாக்கறாங்க. ரெண்டு நாள் வீட்டுல இருக்கேன். அக்கா கையால சாப்பிட்டுட்டு நானே போறேன். இப்பவே போகச் சொன்னா வேற எங்கயாவது போயிடுவேன். அப்புறம் தேடினாலும் கெடைக்க மாட்டேன்."

டிங்கர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். உடனே கூட்டிவரச் சொன்னார்கள். பிறகு மனைவிக்குப் போன் செய்தார். அவள் பட்டறைக்கே ஓடிவந்து தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"வீட்டுக்கே வரட்டுங்க. ஓடிட்டான்னா என்ன பண்றது? ரெண்டு நாள்தானே. நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் குழாயைச் சுற்றி மெல்லிய துணி வைத்துக் கட்டினாள். அதன்மேல் ஒரு முழுக்கை சட்டையைப் போட்டுவிட்டாள். பிறகு ஊசிநூலை எடுத்து வந்து, மணிக்கட்டோடு சேர்த்துச் சட்டைக்கையின் முனையை இறுக்கித் தைத்தாள். கழுத்துப்பக்கத்தையும் விடவில்லை. கை நுழைய இடமில்லாமல் பொத்தான்களுக்கு மேலேயே தையல் போட்டாள். பாலிஷ் குழந்தைபோலக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்த டிசைன்கா இது? ரொம்ப நல்லாருக்கு."

"வாயை மூடு. குத்திடப் போவுது."

"ஊசி எனக்குப் புதுசா?"

அவள் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். டிங்கர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பாலிஷ் தெளிவாக இருந்தான். வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. வயிறாரச் சாப்பிட்டான். "பாத்தீங்களா, வீட்டுச் சாப்பாடு பண்ற வேலையை!" என்று அக்கா முகம் மலர்ந்து சொன்னாள். டிங்கர் டீ தம்ளரோடு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். சன்னல் வெளிச்சம் அவன் மணிக்கட்டில் விழுந்தது.

ஒரு கதவு கம்பெனியிலேயே பெயிண்ட் அடித்ததா, வெளியில் அடித்ததா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துச் சொல்கிற கண் அவருக்கு. மனைவி தையல் போட்டால் அவசர அவசரமாக, கோணல்மாணலாக இருக்கும். இந்தத் தையல் ஒழுங்காக, ஒன்றுபோல ஒன்றாக இருந்தது. நூல் அதேதான். பிரித்து, மறுபடி பொறுமையாகத் தைத்திருக்கிறான். அவனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

டீ ஆறிப்போனது. மனைவி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி எத்தனையோ நாளாயிற்று. டிங்கர் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "பட்டறைக்கு வா, சும்மா உக்காந்திரு" என்று அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஷட்டரை ஏற்றியதும் கேட்டார். "எப்ப?"

பாலிஷ் பொய் சொல்லப் பார்த்தான், முடியவில்லை. "விடியறதுக்குள்ள. நீங்க தூங்கினதும் வெளிய போய்ட்டு வந்தேன். ஒரு தடவைதான் மாமா. போதைக்கு இல்ல. நடுக்கம் நிக்கட்டும்னு. அக்கா நிம்மதியா ஒரு வேளை சாப்பிடட்டும்னு."

"அந்தக் குழாயிலயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

டிங்கர் அவனை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கையால் அவன் சட்டைக்காலரைச் சரிசெய்து, "ஏறு வண்டில" என்றார். இந்தமுறை அவன் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் படுக்கை வேறொருவருக்குப் போயிருந்தது. நடைபாதையில் ஒரு பெஞ்சில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். குழாயைத் தொட்டாயா என்று கேட்ட நர்ஸிடம் இல்லை என்றான் பாலிஷ். அவள் டிங்கரைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் குழாயைப் பிடுங்கிவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அவரும் இல்லை என்றார்.

சில நாளில் மறுபடி காய்ச்சல் ஏறியது. பழைய மருந்துக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்ததில் இப்போது பாக்டீரியா மட்டுமல்ல, காளானும் இருக்கிறது என்றார்கள். டாக்டர் டிங்கரைத் தனியாகக் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பீங்களா டாக்டர்?"

"தெரியாது. குழாயை எடுத்திருப்போம். மருந்தை மாத்தியிருப்போம். கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருப்போம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

காளானுக்கு மருந்து மட்டும் போதாது, நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும் என்றாள். அறுவை டாக்டர் வந்து பார்த்தார். வயதானவர், சுத்தமான கைகள். நுரையீரல் முழுக்கச் சீழ், ஈரலும் கெட்டிருக்கிறது, மேஜையிலேயே போய்விடலாம் என்றார். ஒருவேளை பிழைத்தாலும் திரும்ப ஊசி போட்டால் புது வால்வும் இதேபோல ஆகும் என்றார். செய்வதற்கில்லை என்று முடித்தார்.

அக்கா அவரை விடவில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சிகரெட் குடிச்சவனுக்கு ஆபரேஷன் பண்றீங்கல்ல? சொல்லச் சொல்லக் கேக்காம இனிப்பைத் தின்னவனுக்குப் பண்றீங்கல்ல? அவங்கள எல்லாம் திரும்ப மாட்டோம்னு எழுதி வாங்கிட்டா பண்றீங்க?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தாம்மா கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு மெல்ல நடந்து போனார்.

நடைபாதையில் டிங்கர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காலைல அந்தத் தையல்..."

"தெரியும்" என்றாள்.

"எப்போ?"

"சாப்பாடு வைக்கும்போதே. நான் போட்ட தையல் எனக்குத் தெரியாதா?" அவள் அவரைப் பார்க்கவில்லை. "பசிச்சுச் சாப்பிட்டான். எவ்வளவு நாளாச்சு அவன் அப்படிச் சாப்பிட்டு. சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்தேன். அப்புறம் நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க. உங்களுக்குத் தெரிய வேணாம்னு இருந்தேன்."

அன்று அடுப்படியில் அவள் முணுமுணுத்த பாட்டு எதற்காக என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே புரிந்தது.

கடைசி நாட்களில் பாலிஷுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பக்கக் கண்ணில் பார்வை மங்கிவிட்டது என்றான். கிருமி கண்ணுக்கும் போயிருந்தது. வலி தெரியாமலிருக்க இப்போது ஆஸ்பத்திரியே அவனுக்கு ஊசி போட்டது. "பாத்தியாக்கா, கெஞ்சினப்போ தரல. இப்ப கேக்காமலேயே தர்றாங்க" என்றான். அதில் கிண்டல் இருந்ததா, குறை இருந்ததா என்று சொல்வது கடினம். அதன்பின் அவன் அதிகம் பேசவில்லை. ஒரு மதியம், அக்கா துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், டிங்கர் அவன் உதட்டைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. அவர் கொஞ்ச நேரம் நனைத்துக்கொண்டே இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்த அன்று, டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அவனோடு ஊசியைப் பங்கு போட்டவர்கள் யாராக இருந்தாலும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், ஈரல் வைரஸுக்கு இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். பழைய வண்டிகளை உடைத்துப் போடும் இடத்துக்குப் பின்னால் அவர்கள் இருப்பார்கள் என்பது டிங்கருக்குத் தெரியும். போனார். கூரை மட்டும் மிஞ்சிய ஒரு வேனின் நிழலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் லாரி க்ளீனர். இன்னொருவன் முன்பு டயர் கடையில் இருந்தவன்.

"வாங்கண்ணே. பாலிஷ் எப்படி இருக்கான்?" என்றான் க்ளீனர்.

"போயிட்டான்."

க்ளீனர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஓவராப் போட்டுட்டானா?"

"இல்ல. காய்ச்சல்."

"காய்ச்சலா!" க்ளீனர் நிம்மதியாக மூச்சு விட்டான். அதை டிங்கர் தன் கண்ணாலேயே பார்த்தார். "நான் சரக்குல ஏதோ கோளாறுன்னு பயந்துட்டேண்ணே. காய்ச்சல் யாருக்கு வேணா வரும்."

டிங்கர் வால்வையும் நுரையீரலையும் ஈரலையும் பற்றித் தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னார். டாக்டர் சொன்னபோது இருந்த தெளிவு அவர் சொன்னபோது வரவில்லை. ஊசியைப் பங்கு போடாதீர்கள், புதுசு நான் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். அப்படிச் சொல்கிற நாள் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. காலையில் வண்டியோடு தெருமுனையில் நிற்பேன், ரத்தம் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள் என்றார். இருவரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் டயர்கடைக்காரன் மட்டும் வந்தான். குளித்து, தலை வாரியிருந்தான். வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஒவ்வொருவர் பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். டயர்கடைக்காரன் அதையே பார்த்தான். வண்டி நின்றதும், "ஒண்ணுக்கு வருதுண்ணே, இதோ வந்துடறேன்" என்று இறங்கிப் போனான். டிங்கர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வெளிநோயாளிகளின் வரிசை நீண்டது, குறைந்தது, சீட்டுக் கொடுக்கிற சன்னலையும் மூடினார்கள். அவன் வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலுக்கு வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரும் வரலையா?"

"ஒருத்தன் வந்தான். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும்."

அவள் வண்டிக் கதவைச் சாத்தினாள். "கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்று உள்ளே போனாள்.